உதறிவிட்டு வர ஓரிடம்

“ஓடிப்போறவ கருவாட்டக் கழுவி வெயில்ல காயப்போட்டுட்டா ஓடுவா? புள்ளையோட பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தெச்சு வெச்சுட்டா ஓடுவா? சொல்லுடி பெலென்!”

“நான் ஒண்ணும் சொல்லல நானாய். தெரு சொல்லுது.”

“தெருவுக்கு வாய் எங்க இருக்கு? உன் மூக்குக்குக் கீழதானே இருக்கு!”

“முன் சீட்டுல ஏறிப் போனா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். பாக்கலைன்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?”

எல்லாரையும்போல என்னை நானாய், அதாவது அம்மா, என்று கூப்பிடுகிற பெலென் பக்கத்து வீட்டுத் தையல்காரி. தைக்கிறதைவிடக் கிழிக்கிறதில் கெட்டிக்காரி. என் மருமகள் மாரிவிக், நிவாரணச் சங்கத்து வண்டி ஓட்டும் எர்னிங்கோடு போய்விட்டாள், பெற்ற பிள்ளையைக் கிழவி தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று இந்தப் பணிகியான் ஊர் முழுக்கப் பேச்சு. எர்னிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பல் இரண்டும் கிடையாது. அவன் பெண்டாட்டி அவனைச் சந்தைக்குக்கூடத் தனியாக அனுப்பமாட்டாள். ஓடிப்போக இவளுக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கப்பலில் வேலை பார்க்கிற என் மகன் ரெனாட்டோவுக்கே யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். “நெசமா நானாய்?” என்று என்னிடம் கேட்டான். வளர்ந்த பிள்ளை, குரல் உடைந்து போய்க் கேட்டான். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே யாரும் பேச வேண்டாம்.

பெரிய புயல் வந்த வருஷம் மாரிவிக்கின் தங்கை கடற்கரை ஊரில் இருந்தாள். தேடிக்கொண்டு நானும் கூடப் போனேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில் கண்டுபிடித்தோம். வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். தண்ணீர் அந்தப் பெண் உடம்பில் துணி விட்டுவைக்கவில்லை. இரண்டு ஆண்கள் அவள் காலைப் பிடித்துப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பாவம், தூங்கிப் பல நாளாகியிருக்கும். ஆனால் மாரிவிக் தன் மேல்துணியை அவிழ்த்துத் தங்கையைச் சுற்றினாள். “தள்ளிப் போங்க. பொம்பளைய நான் பாத்துக்கறேன்” என்றாள். தங்கையைச் சுற்றி முடித்தபின் அடுத்தவளுக்குப் போனாள். அதற்கு அடுத்தவளுக்கும் போனாள். இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை.

அப்படித்தான் சங்கத்தில் சேர்ந்தாள். சம்பளம் கிடையாது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை, ரப்பர் பூட்ஸ், மதியம் பொட்டலச் சோறு. மற்ற தொண்டர்கள் அரிசி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அவர்களைத் தெரு கும்பிட்டது. இவள் எடுத்தது செத்தவர்களை. பெண்களையும் சின்னப் பிள்ளைகளையும் கழுவி, முடியில் இருக்கும் சேற்றை எடுத்து, துணி சுற்றிக் கொடுப்பாள். புயல், வெள்ளம், மலைச்சரிவு எதுவானாலும் எர்னிங்கின் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். இவள் போவாள்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன். சாவு வீட்டுக்குப் போனவர்கள் நேரே தங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. செத்தவர் கூடவே வந்துவிடுவார். வழியில் ஆள் புழங்குகிற இடத்தில் கொஞ்சம் நின்று, எதையாவது தின்று குடித்து, உதறிவிட்டு வர வேண்டும். எங்கள் ஊரில் இதைச் செய்யாதவர் யார்? நான் செய்கிறேன், பாதிரியார் செய்கிறார். ஆனால் நிற்கிற இடத்தில், எதற்கு நிற்கிறேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரொட்டி வாங்குவோம், மழையைப் பற்றிப் பேசுவோம், கிளம்பிவிடுவோம். அவ்வளவுதான்.

மாரிவிக் நின்ற இடம், இளசுகள் மானா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற கோரிங்கின் பெட்டிக்கடை. தெருமுனையில் வண்டியை விட்டு இறங்குவாள். கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு சோடாவை மெதுவாகக் குடிப்பாள். பிறகு நாலாவது வாசலான எங்கள் வீட்டுக்கு நடந்து வருவாள். வந்ததும் டிங்டிங் காலைக் கட்டிக்கொள்ளும். டிங்டிங் என் பேத்தி, குறைமாதத்தில் பிறந்த குழந்தை. காய்ச்சல் வந்தால் வலிப்பும் கூடவே வரும். அவளுக்காகத்தான் மாரிவிக் அந்த சோடாவை ஒரு நாளும் விட்டதில்லை.

கோரிங்குக்கு அவள் வந்தால் சந்தோஷம்தான். யார் வீடு போயிற்று, யார் பிழைத்தார்கள் என்று சேதி கிடைக்குமே. போன மழைக்காலத்தில் மலைமேல் ஊர் சரிந்தபோது மாரிவிக் தினமும் போய் வந்துகொண்டிருந்தாள். அப்போது ஒரு சாயங்காலம், நானும் உப்பு வாங்க நின்றிருந்தேன், கோரிங் விளையாட்டாகக் கேட்டாள்:

“ஏன்டி மாரிவிக், உன் மாமியா வீட்டுல தண்ணி இல்லையா? நாலு எட்டு வெச்சா வீடு. தெனமும் இங்க வந்து சோடா குடிக்கற?”

வேறு எவளாவது “தாகம் மானா” என்று சொல்லியிருப்பாள். இவளுக்குப் பொய் வராது. அன்றைக்குக் களைப்பு வேறு.

“வீட்டுல சின்னப்புள்ள இருக்கில்ல மானா. இங்க கொஞ்சம் உதறிட்டுப் போறேன்.”

“எதை உதறிட்டு?”

“அவங்களத்தான்.”

கோரிங் கையிலிருந்த உப்புப் பொட்டலம் அப்படியே நின்றது. நான் இருமினேன், மழையைப் பற்றிப் பேசினேன், ஒன்றும் எடுபடவில்லை.

“ஒருத்தர் ரெண்டு பேருன்னா போகட்டும்னு விடலாம். மலையையே கொண்டாந்து என் பெஞ்சில எறக்கியிருக்கியேடி! இது கடையா, இடுகாடா?”

அந்த வாரமே அவள் பன்றி செத்தது. அது எப்போதோ சாக வேண்டிய பன்றி. ஐஸ் பெட்டி கெட்டது. அவள் பேரனுக்கு அம்மை போட்டது. எல்லாம் மாரிவிக் இறக்கிவிட்ட ஆட்களின் வேலையாம். கோரிங் பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டாள். வாசலில் உப்பு தூவினாள். அந்த உப்பையும் அன்றைக்கு எனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பொட்டலத்திலிருந்துதான் எடுத்தாள்.

மாரிவிக் தெபானின் ரொட்டிக்கடைக்குப் போனாள். அவளைக் கண்டதும் தெபான் கடையின் பலகைக் கதவை இறக்கினான். “ரொட்டி முடிஞ்சிருச்சு.” உள்ளே அடுப்பில் ரொட்டி மணக்கிறது, முடிந்துவிட்டதாம். மூணு சக்கர வண்டிக்காரர்களின் கொட்டகையில் போய் நின்றாள். அவர்கள் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்புறம் போய்விட்டார்கள். சரி, கோயிலில் உட்காரலாம் என்று போனாள். கோயிலைக் கூட்டுகிற இசாய் கதவுக்குக் குறுக்கே விளக்குமாற்றை வைத்துக்கொண்டு, “நாளைக்கு ஞானஸ்நானம் இருக்கு, இப்பத்தான் தொடச்சேன்” என்றாள். செத்தவர்களுக்காகச் செபமாலை சொல்கிற இடத்தில் செத்தவர்களுக்கு இடமில்லை!

முந்தின ஊரிலேயே இறங்கி, அங்கே நூடுல்ஸ் கடையில் நின்றுவிட்டு நடந்து வரலாம் என்று பார்த்தாள். சங்கத்து வண்டியில் இருக்கிறவரை செத்தவர்கள் நடுவில் இருப்பது மாதிரிதான், இறங்கி நிற்கிற இடம்தான் கணக்கு. ஆனால் நம் மூணு சக்கர வண்டிக்காரர்கள் அவளுக்கு முன்னாடியே அங்கே சேதியை இறக்கியிருந்தார்கள். கடைக்காரி பாத்திரம் கழுவிய தண்ணீரை இவள் காலடியில் ஊற்றினாள்.

நான் சும்மா இருப்பேனா? கோரிங் கடைக்குப் போனேன். தெபான் கடை எதிரே என்பதால் அவனுக்கும் கேட்கிற மாதிரியே பேசினேன்.

“கோரிங், உன் அண்ணன் மக லிலிபெத் மலைச்சரிவுல போனாளே, அவ முடியில இருந்த சேத்த யாரு எடுத்தது தெரியுமாடி?”

“ஆஸ்பத்திரிக்காரங்க எடுத்திருப்பாங்க.”

“மாரிவிக் எடுத்தா. இந்தக் கடைக்கு யாராச்சும் வந்திருந்தா உன் அண்ணன் மகதான் வந்திருப்பா. அத்தை வீட்டுக்கு வந்திருக்கா. ஒரு சோடா குடுக்க மாட்டியா?”

கோரிங் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வாய் வெளுக்கவில்லை.

“செத்தவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டு என் வாசல்ல நிறுத்தப் பாக்கறீங்களா? நல்லாருப்பீங்களா நீங்க?”

“அவள அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னைக்கு நீ எங்க நின்ன? தெபான் கடையில நின்னு பன்னு தின்ன. உன் அண்ணன் மகள நீ அவன் கடையில உதறல?”

இதைக் கேட்டுத் தெபான் மாவுக் கையோடு வெளியே வந்தான். “அதான் அன்னைக்கு மாவு பொங்கலையா?” என்று கோரிங் மேல் பாய்ந்தான். அவள் விடுவாளா? “உன் மாமனார் சாவுக்குப் போயிட்டு நீ முடிவெட்டுற கடையில போயி உக்காந்தியே!” என்றாள். முடிவெட்டுகிறவன் கத்தரியோடு வந்தான். பொழுது சாய்வதற்குள் யார் யாரை யார் கடையில் உதறினார்கள் என்று தெரு முழுக்கச் சண்டை. பத்து வருஷத்துச் சாவெல்லாம் வெளியே வந்தது.

கடைசியில் எல்லாரும் ஒன்றாகிவிட்டார்கள். மாரிவிக் வாயைத் திறந்ததால்தானே இத்தனையும் என்றார்கள். சொல்லக் கூடாததைச் சொன்னவள் அவள்தானே என்றார்கள். நான் போய்ப் பேசியிருக்கக் கூடாது என்று பெலென் இன்றைக்கும் சொல்கிறாள். இன்றைக்கும் போய்ப் பேசுவேன். இன்னும் உரக்கப் பேசுவேன்.

அதன்பின் மலையிலிருந்து வந்த ஒரு நாள், நல்ல மழை, மாரிவிக் எங்கள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“உள்ள வா. என் வீடு இது. வர்றவங்க வரட்டும். காப்பி போட்டுக் குடுக்கறேன்” என்றேன்.

“டிங்டிங் இருக்கா நானாய்.”

“நான் அவங்ககிட்டப் பேசிக்கறேன்.”

“நீங்க பேசுவீங்க. உங்க பேச்ச உயிரோட இருக்கறவங்களே கேக்க மாட்டேங்கறாங்க.”

அந்த நிலையிலும் சிரித்தாள். வேலிக்கு மேலே தட்டை நீட்டினேன். ரோட்டில் நின்று மழைத்தண்ணீரோடு சோற்றைத் தின்றாள். மூங்கில் இடுக்கு வழியாக டிங்டிங் விரலை நீட்டியது. “தொடாத, தள்ளி நில்லு” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் வாய் கோணிக்கொண்டது. அன்று ராத்திரி, சாமான் அடுக்கிவைக்கிற சங்கத்துக் கிட்டங்கிக்கே நடந்து போய்ப் படுத்தாள். மறுநாள் தெரு என்ன பேசியது தெரியுமா? மாமியார்க்காரியே அவளை உள்ளே சேர்ப்பதில்லையாம். இதுவும் உன் வாய்தான், பெலென்.

மலை வேலை முடிந்தது. கிட்டங்கி இருக்கிற டவுனில் அவளை யாரும் அறியாத சந்தைக்குள் ஒரு பகல் முழுக்கச் சுற்றி உதறிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாள். தினமும் வேலை இருக்கிறபோது அதற்கு ஏது பகல்? “இனி போகல நானாய்” என்றாள்.  வீட்டில் இருந்தாள். கருவாடு போட்டாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். கோரிங் கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வாள். கோரிங் தலையைத் திருப்பிக்கொள்வாள். டிங்டிங் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும்.

அந்தக் காலை நாங்கள் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சோறு, கருவாடு. டிங்டிங் சோற்றில் காப்பியை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தது. வாசலில் ஹாரன். எர்னிங் இறங்கி வந்து படிக்குக் கீழேயே நின்றான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“பயணப் படகு கவுந்துருச்சு மாரிவிக். திருவிழாவுக்குப் போன படகு. பாதிக்கு மேல பொம்பளைங்க, புள்ளைங்க. கரையில வரிசையா கெடக்கறாங்க.” தொப்பியைத் திருகினான். “நம்ம கூட்டத்துல பொம்பள யாரும் இல்ல. நீ வரலைன்னா நாங்கதான் சுத்தணும்.”

மாரிவிக் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டாள். பிள்ளையின் தட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து கை கழுவினாள். கயிற்றில் தொங்கிய ஆரஞ்சுச் சட்டையை எடுத்தாள். பையில் இரண்டு உடுப்பு வைத்தாள். இரண்டாவது உடுப்பை வைத்தபோது எனக்குப் புரிந்துவிட்டது.

“திரும்பி வந்து எங்க நிப்ப?”

“நிக்க எடமில்ல நானாய். அதான் கிட்டங்கியிலயே இருந்துக்கறேன். வேலை வந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் இவள வேலிக்கு அந்தப்பக்கம் நிறுத்த என்னால முடியாது.”

“உனக்கு எடம் குடுக்காத சனம் செத்தா, அதுகளையும் நீதான சுத்துவ?”

“ஆமா.”

“ஒரு வாட்டியாச்சும் கோவப்படுடி!”

“எனக்கும் சேத்து நீங்கதான் படறீங்களே.”

டிங்டிங்கின் தலையை முகர்ந்தாள். உடம்பில் செத்தவர் யாரும் ஒட்டிக்கொள்ளாத காலைநேரம் அல்லவா, நன்றாக முகர்ந்தாள். “சோத்த மிச்சம் வெக்காத” என்றாள். வாசலைத் தாண்டினாள்.

வண்டியின் பின்பக்கம் கயிறு, பலகை, கட்டுக்கட்டாக வெள்ளைத்துணி. உட்கார ஓர் அங்குலம் இல்லை. எர்னிங் முன் கதவைத் திறந்துவிட்டான். அவள் முன் சீட்டில் ஏறினாள். நீ ஜன்னலில் நின்று பார்த்தது அதைத்தான், பெலென்.

நீ பார்க்காததையும் சொல்கிறேன். சாப்பிடும்போது ஒருவர் பயணம் கிளம்பினால், போகிறவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்று மற்றவர்கள் தட்டை இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுத் திருப்பி வைப்பார்கள், உன் வீட்டிலும் உண்டு. நான் என் தட்டைத் திருப்பினேன். டிங்டிங் இரண்டு கையாலும் தன் தட்டைப் பிடித்து, காப்பி சிந்தாமல், மெதுவாகத் திருப்பியது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மாவின் தட்டு பாதிச் சோற்றோடு அங்கேயே இருந்தது. பிள்ளை அதன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அதையும் திருப்பியது.