சனிக்கிழமை வாங்கிய குறடு

என் தங்கையின் காது ஒரு தனி ரகம். கவரிங்கோ ஃபேன்சி தோடோ, போட்ட கொஞ்ச நேரத்தில் மடல் சிவந்து உப்பிவிடும். கடைத் தங்கமும் அப்படித்தான். சுத்த வெள்ளி மட்டுமே ஒத்துக்கொள்ளும்.

அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு, "தோடு நானே செஞ்சு தரேன்" என்று வாயை விட்டுவிட்டேன். எல்லாம் நாலு வீடியோ பார்த்த தைரியம். அவளோ அப்படியே நம்பி, புடவைக்கு ஏற்ற பச்சை மணிகளைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

விசேஷம் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு கிடைத்ததோ சனிக்கிழமை. பையை எடுத்ததும் அம்மா வாசலை மறித்தாள்.

"எங்க கெளம்பிக்கினு கீற?"

"தி.நகருக்கும்மா. குறடு வாங்கணும்."

"சனிக்கெழம அதுவுமா இரும்ப வூட்டுக்குள்ள கொண்டாரப் போறியா? நாளைக்கு நல்ல காரியம்டி!"

எங்கள் வீட்டில் சனிக்கிழமையில் ஓர் ஆணிகூட வாங்கியதில்லை. சரி, இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று, அப்பா ஃப்யூஸ் போட வைத்திருந்த குறட்டால், தோட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த வெள்ளிக் கம்பியை வளைத்தேன். வளைந்தது. கூடவே குறட்டின் பல் அத்தனையும் கம்பியில் பதிந்து, எலி கடித்த மாதிரி ஆகிவிட்டது.

"நல்லாத்தான் கீதுக்கா" என்றாள் தங்கை. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவும் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சமையலறைக்குள் போனவள் கையில் கரண்டியோடு திரும்பி வந்தாள்.

"ஏண்டி, எவர்சில்வர்ல குறடு கெடைக்காதா? அது இரும்பு இல்லியே?"

எவர்சில்வரும் பெரும்பாலும் இரும்புதான் என்று, கல்லூரியில் வேதியியல் படித்த நான் வாயைத் திறப்பேனா? உடனே ஆட்டோ பிடித்தேன்.

தி.நகர் சந்தில் பட்டறைச் சாமான் விற்கும் கடைக்காரர் எவர்சில்வர் குறடுகளில் ஒரு பெரிய செட்டைக் காட்டி, "மொத்தமா எடுத்துக்கிடுங்க, அக்கா" என்றார். அப்பாவின் குறட்டால் பட்டவளாயிற்றே, மயங்கவில்லை. கம்பியைப் பிடிக்கப் பல் இல்லாத தட்டை வாய்க் குறடு ஒன்று, வளையம் போட உருண்டை மூக்குக் குறடு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று. ஒவ்வொன்றையும் மூடி வெளிச்சத்தில் பிடித்தேன்; வாய் இடுக்கில் வெளிச்சம் தெரிந்ததைத் திருப்பிக் கொடுத்தேன். கைக்கு அடங்காததையும் ஒதுக்கினேன். காதைக் குத்தாமல் கம்பி முனையை மழுக்க ஒரு சின்ன இரும்பு அரமும் வாங்கினேன். அரத்தைப் பற்றி அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குறடுகளுக்குக் குங்குமம் வைத்த பிறகுதான் அம்மா என்னைத் தொடவிட்டாள். வளையம் வட்டமாகவே வந்தது. சாயங்காலம் தங்கை தோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

மறுநாள் சபையில், மாப்பிள்ளையின் அம்மா ஒரு ஜோடித் தங்கத் தோட்டை எடுத்து, தானே பூட்டிவிட எழுந்தார். இப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கை மெல்லத் தலையை விலக்கினாள். "கோச்சுக்காதீங்க அத்தே. எனக்குத் தங்கம் ஒத்துக்காது, காது வீங்கிடும். இது எங்கக்கா செஞ்சது."

அந்த அம்மாள் குனிந்து பச்சை மணியைத் தொட்டுப் பார்த்தார். தங்கத் தோட்டைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு என் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"எனக்கும் ஒத்துக்காதும்மா. கல்யாணமான நாள்லேருந்து வெளிய சொல்லாம போட்டுக்கினு கீறேன்."