கடித்துச் சொன்ன ஈரம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு காப்பிக்கொட்டைக் குடோனில் இன்றும் வேலைக்குப் போகிறேன். மலையிலிருந்து வரும் கொட்டையைப் பல்லில் கடித்தே காய்ந்ததா, ஈரமா என்று சொல்லிவிடுவேன். நான் சரி என்றால்தான் முதலாளி மூட்டையை இறக்குவார்.

போன வருடம் பல்செட்டு வைத்தேன். குடோனில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு பெண் தன் தோட்டத்துக் கொட்டையை வேனில் கொண்டுவந்தாள். கடித்தேன். மெத்தென்று அமுங்கியது.

“ஈரம். திருப்பிக் கொண்டு போயிரு அம்மணி.”

“ஏனுங்க, பதினஞ்சு நாள் வெயில்ல காயப்போட்டனுங்க. இன்னொருக்காக் கடிச்சுப் பாருங்க.”

“நாப்பது வருசமாக் கடிக்கறவளுக்கே சொல்லித்தாறயா?”

அவள் முகம் வாடி, வேனில் ஏறிக் கிளம்பினாள். என் பக்கத்தில் கொட்டை பொறுக்குகிறவள், சிந்தியதில் ஒன்றைக் கடித்து, “கல்லாட்டம் இருக்குதுங்கக்கா!” என்றாள். அப்போதுதான் புரிந்தது. அமுங்கியது கொட்டை அல்ல, என் பல்செட்டு. வேன் இன்னும் கேட்டைத் தாண்டவில்லை. கூப்பிட்டிருக்கலாம். பல்செட்டுச் சங்கதி தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள். திரும்பக் காயப்போட்ட இடத்தில் மழை பிடித்து, அத்தனையும் பூசணம்.

“நீங்க அன்னைக்கே சொன்னீங்க. எனக்குத்தான் காய வெக்கத் தெரியலீங்க ஆத்தா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதிப் பேத்தியிடம் கொடுக்கிறேன்.

“ஒரு எழுத்து உடாமச் சத்தமாப் படி கண்ணு. நாளைக்கு அவ ஊட்டுக்குப் போய் நீதான் படிக்கோணும். எனக்கு வாய் வராது.”