எங்கள் தவறணை, டீச்சரின் தவறணை

டீச்சர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் மூன்றாவது வரியை நான் பெருமையோடுதான் வாசித்தேன். ‘பெற்றோர் இருவரும் நாள் முழுவதையும் தவறணையிலேயே கழிப்பவர்கள்’ என்று முத்து முத்தான எழுத்தில் இருந்தது. உண்மைதானே. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்துக்கு அப்போது நான் கங்காணி. என் மனைவி அங்கே கன்று போடுகிறவர்களில் கைவேகம் மிகுந்தவள். அந்த இடத்தை நாங்கள் தவறணை என்போம். நம் வேலையை மதித்து ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று மனைவிக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அடுத்த வரிதான் இடித்தது: ‘இந்தச் சூழலிலிருந்து பிள்ளையை உடனே பிரித்தெடுத்தல் அவசியம்.’

“தவறணையில அப்படி என்னங்க கேடு இருக்கு? மருந்து அடிக்கிறத சொல்றாங்களோ?” என்றாள் மனைவி.

மகளுக்குப் பதுளையில் உயர்தரம் படிக்க இடம் கிடைத்திருந்தது. விஞ்ஞானப் பிரிவு. தோட்டப் பள்ளிக்கூடத்தில் அது இல்லை. காலையில் டவுனிலிருந்து எங்கள் மலைக்கு ஏறி வர பஸ் உண்டு, பள்ளிக்கூட நேரத்துக்குக் கீழே இறங்கத்தான் இல்லை. டவுனில் ஒரு மாணவியர் விடுதி இருந்தது, கட்டில்கள் கொஞ்சம்தான். அதற்கான சிபாரிசுத் தாள்தான் இது. விடுதி இல்லையென்றால் படிப்பு இல்லை, அவளும் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

எழுதியவர் அவளுடைய விஞ்ஞான டீச்சர். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு காலை பஸ்ஸில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார். அளந்துதான் பேசுவார், பிள்ளைகள்மேல் உயிர். இப்படிப்பட்டவர் ஏன் இப்படி எழுதினார் என்று கேட்க நானே போனேன்.

“டீச்சர், ஒரு தடவ தவறணைக்கு வந்து பாத்துட்டு எழுதுங்களேன்.”

டீச்சர் ஓரடி பின்னால் போனார். “நானோ? அங்கையோ?”

“பயப்படாதீங்க. பொம்பளைங்கதான் நெறய. காலையில ஏழு மணிக்கே வந்துருவாங்க.”

“ஏழு மணிக்கேயோ?”

“தண்ணி ஊத்துற ஆளு அதுக்கு முன்னயே வந்துருவான் டீச்சர்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வந்தார். எங்களைத் திருத்திப் பார்க்கலாம் என்று வந்ததாகப் பிறகு அவரே சொன்னார். குடையை இறுகப் பிடித்துக்கொண்டு, நிழல்வலைக்குக் கீழே குனிந்து நுழைந்தார். வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இலையோடு விரல் நீளத் தண்டு. பெண்கள் குந்தியிருந்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தவறணை எங்கை?” என்றார்.

“இதாங்க டீச்சர்,” என்றாள் என் மனைவி, மண் அப்பிய கையைப் பாவாடையில் துடைத்தபடி.

டீச்சர் பைகளைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். “எங்கடை ஊரிலை தவறணை எண்டால் கள்ளுக்கடை, ஐயா,” என்றார் மெதுவாக. “உங்கடை மகளிட்டை அப்பா அம்மா எங்கை எண்டு கேட்டன். தவறணையிலை எண்டாள். அம்மாவுமோ எண்டு கேட்டன். அம்மாதான் எல்லாரையும்விடக் கூடப் போடுவா எண்டு சொன்னாள்.”

வரிசையிலிருந்து ஒருத்தி, “ஏக்கா, நேத்து எத்தன போட்ட?” என்றாள். “எண்ணல. மயக்கமா இருந்துச்சு,” என்றாள் என் மனைவி. நிழல்வலையே கிழிகிற மாதிரிச் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிங்களத்தில் நாற்றுமேடையைத் ‘தவான’ என்பார்கள். அதுதான் எங்கள் வாயில் தவறணை ஆகியிருக்கும் என்பது என் ஊகம். டீச்சரின் தவறணை போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்லாம். செடிகளிலும் இப்படி உண்டு என்றார். சப்பாத்துக்கள்ளியும் சதுரக்கள்ளியும் பார்வைக்குச் சொந்தக்காரர்கள்போல் முள்ளும் சதையுமாக நிற்கும். குடும்பமோ வேறு வேறு. தண்ணீர் இல்லாத இடத்தில் தனித்தனியாக வாழப் பழகி, ஒரே சாடைக்கு வந்து சேர்ந்தவை.

அன்று டீச்சர் ஒரு மணி நேரம் அங்கே நின்றார். மழைத்தண்ணீர் ஓடும் கானின் சுவரில் படர்ந்திருந்த பாசியைத் தொட்டுக்காட்டி, தண்ணீரை விட்டுக் கரையேறிய பழைய சாதி இது, ஆனாலும் கருத்தரிக்க இன்றைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டும் என்றார். “எங்க லயத்து வீடுங்கள்லயும் தண்ணி வந்தாத்தான் டீச்சர் எல்லாம் நடக்கும்,” என்றாள் ஒருத்தி. பக்கத்தில் நின்ற பன்னத்தின், அதாவது பெரணியின், இலையைத் திருப்பிப் பழுப்புப் புள்ளிகளைக் காட்டினார். அதிலிருந்து கிளம்பும் தூள் காற்றில் எவ்வளவு தூரம் பறந்தாலும், விழுந்த இடத்தில் ஈரம் இல்லாவிட்டால் காரியம் ஆகாது. விதை வந்த பிறகுதான் செடிக்கு அந்தக் கவலை விட்டது. மேலே தெரிந்த பைன் காட்டைக் காட்டினார். பிள்ளைக்கு ஒரு போர்வையும் கட்டுச்சோறும் கொடுத்துத் தூர அனுப்பக் கற்றுக்கொண்ட மரங்களாம் அவை. நாங்கள் நடுவது விதை இல்லையே என்றேன். ஓம் என்றார் டீச்சர்; இது தாயையே வெட்டி வைப்பது, அச்சு அசல் தாய்தான் வரும். பூத்து, கலந்து, விதையில் வருவதுதான் யாரைப்போலவும் இராது என்றார்.

பிறகுதான் தாளைப் பற்றிய பேச்சு வந்தது. டீச்சர் ஒன்றை மறைக்காமல் சொன்னார். வீட்டு நிலைமை மோசமான பிள்ளைகளுக்குத்தான் விடுதியில் முதலிடம். எழுதியது அப்படியே போனால் கட்டில் நிச்சயம். திருத்தினால் சொல்ல முடியாது.

குடிக்காதவன் குடிகாரனாக ஒரு கோப்பில் கிடந்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் எனக்குப் பட்டது. மனைவி கேட்டாள்: “இத அங்க யாரு வாசிப்பா டீச்சர்?”

“விடுதிப் பொறுப்பாளர் வாசிப்பா. பிறகு மற்றப் பிள்ளையளுக்கும் தெரியவரும்.”

“அப்ப மாத்திருங்க. எங்களப் பத்தி என்ன வேணா எழுதிக்கலாம். அவ அங்க ரெண்டு வருசம் தல நிமுந்து சாப்பிடணும்.”

டீச்சர் வேறு தாள் எழுதினார். கட்டில் கிடைக்கவில்லை.

அந்தப் பதில் வந்த வாரம் டீச்சர் மறுபடியும் தவறணைக்கு வந்தார், இந்த முறை குடையை மடித்துக் கையில் பிடித்தபடி. “என்ரை அறையிலை இன்னொரு கட்டில் போடலாம்,” என்றார். அப்படித்தான் மகள் படித்தாள். காலையில் டீச்சர் எங்கள் மலைக்கு பஸ் ஏறுவார், இவள் டவுனில் பள்ளிக்கூடம் போவாள்.

அவளைக் கொண்டுபோய் விட்ட மறுநாள் மனைவி வழக்கம்போல ஏழு மணிக்கே வந்துவிட்டாள். வெட்டிவந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் அழுத்திக்கொண்டிருந்தாள். அன்று அவள் போட்டதில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். சில பட்டுப்போயின, எப்போதும் போல.

டீச்சர் மாற்றலாகி ஊருக்குப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. மகள் இப்போது பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். அவள் அம்மா போட்ட கன்றுகள் மேல்மலையில் தோளோடு தோளாக நிற்கின்றன. எதைப் பார்த்தாலும் ஒரே இலை, ஒரே பச்சை. போன மாதம் வந்திருந்தவள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, எதற்கோ ‘ஆமாம்மா’ என்பதற்குப் பதிலாக, டீச்சர் மாதிரியே ‘ஓம் அம்மா’ என்றாள். தாய் கரண்டியை அப்படியே பிடித்தபடி அவளைப் பார்த்தாள்.

“இது நம்ம வெட்டி வச்ச கன்னு இல்லங்க,” என்றாள் என்னிடம். “வெதையில வந்தது.”