கச்சான் உடைக்கும் மெசினும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் ஜனகனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கலியாணம் முடிந்த புதிதில் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத முடியாது.

உடையார்கட்டில் வீட்டோடு சேர்ந்த வெல்டிங் கடை எங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன் வவுனியாவில் பொருள் வடிவமைப்பு வகுப்பு என்று சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போனார். எந்தச் சாமான் எதனால் ஆனது, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்பித்தார்களாம். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சாமானும் முழுசாக இல்லை. கரண்டியை வளைத்துப் பார்ப்பார், வாளியைச் சுரண்டிப் பார்ப்பார். அடுத்த தெருப் பிரதீபன் வீட்டுச் செத்தவீட்டில் தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்னப் புள்ளியைக் காட்டி, "இதாலதான் உருக்கின பிளாஸ்டிக் அச்சுக்குள்ள போயிருக்கு" என்றார். பாடை தூக்க நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போய்விட்டது.

போன ஐப்பசியில் பக்கத்துக் காணி நாகேஸ்வரி அக்கா படலைக் கதவடியில் வந்து நின்றா. தனிமனுசியாக இரண்டு ஏக்கரில் கச்சான், அதுதான் நிலக்கடலை, செய்கிறவ. விதைக் கச்சானைக் கோதோடுதான் வைத்திருப்பார்கள், விதைக்கிற நேரம்தான் உடைப்பார்கள். அதையும் கையால்தான் உடைக்க வேண்டும். பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்தால் மண்ணுக்குள் அழுகிவிடும். உடைக்க வரும் பெண்களெல்லாம் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். மூன்று மூட்டை அப்படியே கிடக்க, மழை இறங்கப் பார்த்தது.

"பிந்தி விதைச்சா இந்தப் போகம் போச்சு பிள்ளை" என்று அக்கா என்னிடம்தான் சொன்னா. கேட்டுக்கொண்டு நின்ற இவர், "நான் மெசின் செய்து தாறன் அக்கா" என்றார்.

அன்றிலிருந்து சோறு ஆறியபடி கிடந்தது. முதலில் பெயின்ற் வாளிக்குள் சீமெந்து வார்த்து உருளை செய்தார். அது தோலைச் சுரண்டியது. இரும்புக் கம்பியில் செய்தார், பருப்பு இரண்டாகப் பிளந்தது. வேப்பம் பலகை நன்றாகத்தான் உடைத்தது, ஒரு தூறலுக்கு ஊதி இறுகிவிட்டது. ட்ராக்டர் ரியூப்பைச் சுற்றினார், கோது நசிந்ததே தவிர உடையவில்லை. கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் ரயரை வெட்டி உருளையில் ஆணியால் அறைந்தார். கோதை உடைக்கிற உறுதியும் இருந்தது, பருப்புக்கு விட்டுக்கொடுக்கிற நெகிழ்வும் இருந்தது. தோல் கிழியாத பருப்பைக் கை நிறைய அள்ளிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தார். எனக்கும் சந்தோசம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அக்கா லேசில் நம்புகிறவ இல்லை. விதைத்துப் பார்த்துத்தான் முடிவு என்றா. எங்கள் வளவில் ஒரு பாத்தியில் ஒரு பாதி கையால் உடைத்த பருப்பு ஐம்பது, மறுபாதி மெசின் உடைத்தது ஐம்பது. ஏழு நாளில் இரண்டும் ஒத்து முளைத்தால் மூன்று மூட்டையும் மெசினுக்கு.

அந்த ஏழு நாளும் இவர் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஏழாம் நாள் கைப்பக்கம் ஏறக்குறைய எல்லாமே முளைத்திருந்தன. மெசின் பக்கம் பதினொன்று. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "பரவாயில்லை தம்பி, நான் கையாலயே உடைக்கிறன்" என்று திரும்பினா. மூன்று மூட்டையை ஒரு மனுசி எப்போது உடைத்து எப்போது விதைக்கிறது?

அப்போதுதான் கண்டேன். மெசின் பக்கத்து மண் மட்டும் பொலபொலவென்று இருந்தது. அதில் விரல் பதிந்த குழிகள்.

"இஞ்சருங்கோ, இதைத் தோண்டினனீங்களோ?"

"வேர் வந்திட்டுதோ எண்டு பாத்தனான்."

"எத்தினை தரம்?"

"ஒவ்வொரு நாளும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த உருளையைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். "எல்லாத்தையுமோ?" என்று கத்தினேன்.

"வேலிக்கரை வரிசையைத் தொடேல்லை. அங்க கட்டெறும்பு."

படலைவரை போன அக்கா திரும்பி வந்தா. வேலிக்கரை வரிசையில் ஊன்றியது பன்னிரண்டு. முளைத்த பதினொன்றும் அந்த வரிசையில்தான் நின்றன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தா. பிறகு கறுத்துக்கொண்டு வந்த வானத்தையும் பார்த்தா.

"இண்டைக்கே மூட்டையைக் கொண்டுவாறன் தம்பி. ஆனா விதைச்சாப்பிறகு ஏழு நாளைக்கு நீர் என்ர காணிப்பக்கம் தலை காட்டக்கூடாது."

"ஓம் அக்கா, சத்தியமா" என்றார் இவர்.

அக்கா படலையைத் தாண்டியிருக்க மாட்டா. என் காதுக்குள் வந்து கேட்டார், "அஞ்சு நாள் போதாதோ?"