இல்லாத அருவிக்குப் போணி

அந்த அருவி பூண்டியில் இல்லை. பூண்டியில் மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து இந்தக் கொடைக்கானல் மலையிலேயே இல்லை. வேறு ஏதோ மாநிலத்தில் விழுகிற தண்ணீரை யாரோ படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதை என் மனைவியின் தம்பி எடுத்து, ‘பூண்டியில் யாருமே அறியாத ரகசிய அருவி’ என்று தலைப்பு வைத்துத் தன் வெப்சைட்டில் போட்டான். யாருமே அறியாததை இவன் மட்டும் எப்படி அறிந்தான் என்று படித்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். பொய் எழுதியவன் மேல் இருந்த கோபம் எனக்கு ஆறிவிட்டது. அதை நம்பி பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தவர்கள் மேல் இருக்கிற இளக்காரம் இன்னும் ஆறவில்லை.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பெருமாள்மலையில், பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் வந்து சேருகிற இடத்தில் மலைவாழைப்பழக் கடை வைத்திருக்கிறேன். கூடவே பட்டர் ஃப்ரூட், மலைப்பூண்டு, தைலம். வெள்ளனே குளித்து, முருகனுக்கு விளக்கேற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு முதல் தாரைத் தொங்கவிட்டால்தான் எனக்குப் பொழுது விடியும். கிருத்திகை தவறாமல் பழனிக்கு இறங்கிப் படியேறிவிட்டு வருவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பொருள், அதை வாங்க ஒரு ஆள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு மேலே ஒரு சாமி, இப்படியே பழகிவிட்டவனுக்கு மச்சினன் செய்த தொழில் தொண்டையில் இறங்கவில்லை. அதற்காகச் சொல்கிறேன்.

அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். அதை விட்டுவிட்டு வந்து எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தான். கொடைக்கானலுக்கும் பழனிக்கும் வருகிறவர்களுக்காக ஒரு வெப்சைட். பஸ் நேரம், தங்குமிடம், கோயில் நடை திறக்கும் நேரம். ஆள் வர வர ஓரத்தில் விளம்பரம் தெரியுமாம். பார்த்தால் கொஞ்சம் காசு, விரலால் தொட்டால் கூடுதல் காசு. அந்த விளம்பரங்களை ஒரு கம்பெனி அனுப்புமாம். அந்தக் கம்பெனியை அவனும் பார்த்ததில்லை, அது அவனையும் பார்த்ததில்லை.

சும்மா இருந்திருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அவன் பூண்டியில் ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தான். கொடைக்கானலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற பெண். அவளுக்கும் இவன்தான் என்று இருந்தது. அவள் அப்பா பூண்டு விவசாயி. பெண் கேட்டுப் போனபோது அவர் என்னைத்தான் உட்கார வைத்து விசாரித்தார்.

“பையன் என்ன யாவாரம் பண்றாப்ல?”

“வெப்சைட்டுங்க.”

“அதுல என்ன விக்கிறாப்ல?”

“விக்கிறதுன்னு ஒண்ணும் இல்லீங்க. ஆளுக வந்து பார்த்துட்டுப் போவாக.”

“பார்த்துட்டுப் போறவன் எப்பங்க காசு குடுத்தான்? என் தோட்டத்தையுந்தான் ரோட்டுல போறவன் எல்லாம் பார்த்துட்டுப் போறான்.”

கேள்வி நியாயமானதுதான். வருகிற தை வரைக்கும் அந்தத் தொழில் நிற்கிறதா பார்ப்போம், நின்றால் பெண் தருகிறேன் என்றார். நான் முருகனை நினைத்துக்கொண்டு, “அதுக்கு நான் பொறுப்புங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை வாக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

முதலில் உள்ளதை உள்ளபடிதான் எழுதினான். ஆள் வரவில்லை. என்னையும் எழுதித் தரச் சொன்னான். கிருத்திகை விரதத்தைப் பற்றி ரூல் போட்ட நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். விரதம் இருப்பது எப்படி, என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது படியில் நின்று நான் என்ன சொன்னேன், அதற்குப் பிறகு நான் ஏன் எனக்கென்று எதையும் கேட்பதில்லை என்றெல்லாம். அழுதுகொண்டே எழுதிய எழுத்து. வெப்சைட்டில் அதைப் படித்தவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என் எழுத்தில் முக்கால்வாசியை வெட்டிவிட்டு, ‘கிருத்திகையன்று இதை மட்டும் செய்தால் ஏழே நாளில் வீடு தேடி வரும் பணம்’ என்று தலைப்பு வைத்திருந்தான். பணம் என்ற சொல் என் நான்கு பக்கத்தில் ஒரு இடத்திலும் கிடையாது. அதற்குக் கூட்டம் வந்தது. பக்திமான்கள். ஏழு நாள் கணக்கு வைத்துக் கும்பிடுகிற பக்திமான்கள்.

அது போதாதென்று, நான் திறந்து பார்த்த அன்று முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மட்டன் பிரியாணி விளம்பரம். மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதை அவன் வைப்பதில்லையாம். பார்க்கிறவருக்கு எது பிடிக்குமோ அதைக் கம்பெனியே கண்டுபிடித்து வைக்குமாம். எனக்கா இது பிடிக்கும் என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “முந்தாநேத்து போன்ல பிரியாணிக் கடை தேடுனது யாராம்?”

அதற்குப் பிறகுதான் அருவி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடை முன்னால் கார் வந்து நிற்கும். கண்ணாடி பாதி இறங்கும். பூண்டி ஃபால்ஸ் எந்தப் பக்கம் என்பார்கள். அப்படி ஒன்று இல்லை என்பேன். போனைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடி போனைப் பார்ப்பார்கள். இந்த ரோட்டில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறவனைவிட உள்ளங்கையில் இருக்கிற படம் பெரிது. ஒரு சீப்புப் பழம் வாங்கமாட்டார்கள். இருக்கிற பழத்தை விட்டுவிட்டு இல்லாத தண்ணீரைத் தேடிப் போவார்கள். மச்சினனை நான் அதட்டியிருக்க வேண்டும். தை வரட்டும், கல்யாணம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் யோக்கியதையும் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அவன் முகம் தொங்கிப் போயிருந்தது. ஆள் வருகிறதாம், ஆனால் இரண்டு நாளாக விளம்பரத்தை ஒருத்தரும் தொடவில்லையாம். எனக்குச் சொரேர் என்றது. இரண்டு நாளாகப் போணி ஆகாத கடையா? நீயே ஒரு தடவை தொட்டு ஆரம்பித்து வைக்க வேண்டியதுதானே என்றேன்.

“நாமளே தொடக்கூடாது மாமா. அது தப்பு.”

இது எனக்கு உடனே புரிந்தது. சொந்தக் கடைக்குச் சொந்தக்காரன் போணி பண்ணக் கூடாது. வெளி ஆள் கைதான் விழ வேண்டும், அதுவும் ராசியான கை. இத்தனை நாளில் அவன் சொன்னதில் இந்த ஒன்றுதான் உருப்படியான பேச்சு என்று நினைத்தேன்.

பக்கத்துக் கடை பாயின் கைராசி பெருமாள்மலை முழுக்கத் தெரியும். மளிகைக் கடை. காலைத் தொழுகை முடித்துவிட்டு வந்து கடை திறப்பார். ஜீப் டிரைவர்கள் அவர் கையால் முதல் காசு வாங்கிவிட்டுத்தான் சவாரிக்குக் கிளம்புவார்கள். எனக்கே அவர்தான் போணி, ஒரு பழம், தினமும். அவரிடம் போய் அவர் போனிலேயே வெப்சைட்டைத் திறந்து காட்டினேன்.

“இதுல என்னண்ணே வாங்கணும்?”

“ஒண்ணும் வாங்க வேணாம் பாய். தொட்டாப் போதும்.”

“வாங்காமப் போணியா? நல்லாயில்லையே.”

பிஸ்மில்லா சொல்லித் தொட்டார். முடி வளர்க்கிற எண்ணெய் விளம்பரம் திறந்தது. பாய் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான் என்றார். வெறுமனே தொட்டுவிட்டு மூடுவது மரியாதை இல்லை என்று கடைசி வரி வரைக்கும் படித்தார். மறுநாளும் தொட்டார். அதற்கு மறுநாளும். இதைப் பார்த்து ஜீப் ஸ்டாண்டில் இருந்தவர்களும், நம்ம ஊர்ப் பையன் கல்யாண விஷயம் என்று ஆளுக்கு ஒரு தொடு தொட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். காசு கூடியது. அருவியால் கூடியது என்று மச்சினன் நினைத்தான். பாய் கையால் கூடியது என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பது என் பழக்கம்.

கார்த்திகை மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. போனில்தான். மச்சினன் கடைக்கு வந்து நின்றுகொண்டே படித்துத் தமிழில் சொன்னான். ஒரே இடத்திலிருந்து தினமும் போலியாக விளம்பரத்தைத் தொட்டிருக்கிறார்கள், இது மோசடி, கணக்கை மூடுகிறோம், சேர்ந்திருக்கிற காசும் கிடையாது.

“யாரோ வேணும்னே பண்ணிருக்காங்க மாமா,” என்றான்.

மறைத்து என்ன செய்வது? சொல்லிவிட்டேன். அவன் காலிப் பழக்கூடையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“பாய்கிட்டயா கொண்டுபோய்க் குடுத்தீக?”

“நீதானப்பா நாமளே தொடக்கூடாதுன்ன.”

அவன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கண் மட்டும் கலங்கியது. தைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அந்தக் கம்பெனியை நினைத்தால் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது. இல்லாத அருவியைப் போட்டபோது அதற்குக் கண் தெரியவில்லை. முருகனை வைத்து ஏழு நாளில் பணம் என்று ஏலம் போட்டபோது தெரியவில்லை. பிரியாணியைச் சாமி பக்கத்தில் வைத்தது அதுவேதான். அந்த வெப்சைட்டில் நடந்ததிலேயே சுத்தமான காரியம், ஒரு மனுஷன் தொழுதுவிட்டு வந்து இன்னொரு வீட்டுப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று தொட்டது. அதற்குப் பெயர் மோசடி. முறையிடலாம் என்று மச்சினன் எழுதிப் போட்டான். ஒரு நிமிடத்தில், முடிவு முடிவுதான் என்று பதில் வந்தது. ஒரு நிமிடத்தில் எந்த மனுஷன் படித்தான்? பழனியில் கோவணத்தோடு நிற்கிற ஆண்டியைப் பார்க்கக்கூடப் படியும் வாசலும் இருக்கிறது. இந்தக் கோடீஸ்வரனுக்கு வாசலே இல்லை.

அக்கா பேரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்துவிடலாம், பூண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது என்றான் மச்சினன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பொறுப்பு என்று சொன்ன வாய் என்னுடையது. நான் மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி, கொடைக்கானலில் மாறி, பூண்டிக்குப் போனேன்.

அவர் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட பூண்டின் வேரை நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாயை, ஜீப் ஸ்டாண்டை, கடிதத்தை. அவர் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அந்தத் தொழில் போச்சு.”

“போச்சுங்க. என்னாலதான்.”

“நல்லதாப் போச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாத்தியை மிதித்துக்கொண்டு வந்து அருவி எங்கே என்று கேட்கிறார்களாம். இல்லை என்றால், காட்டுவதற்கு எவ்வளவு வேண்டும் என்று ஒருவன் கேட்டானாம்.

“ஒரு நா கோவத்துல என் தண்ணித் தொட்டியக் காட்டுனேன். அதையும் போட்டோ எடுத்துட்டுப் போறான். அவன் கெடக்கான் கூமுட்டை. அதை எழுதுனவன் என் வீட்டுக்கு மருமகனா வரப்போறான்னு ஊர்ல கேக்குறாக. தைக்கு உங்க மூஞ்சியப் பார்த்து முடியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.”

அந்தப் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்க்காமலே சொன்னார்: “அருவிய எடுக்கச் சொல்லுங்க. எடுத்துட்டு வரட்டும், பேசுவோம்.”

வந்து சொன்னேன். உடனே எடுத்துவிடுவான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கூட்டம் வருவதே அந்த ஒரு பக்கத்துக்காகத்தானாம். அது இருந்தால் நாளைக்கு இன்னொரு கம்பெனியைப் பிடிக்கலாமாம். இரண்டு நாள் மாடியைவிட்டு இறங்கவில்லை. ஒரு பெண்ணா, இல்லாத தண்ணீரா என்று ஒரு ஆண்பிள்ளை இரண்டு நாள் யோசித்ததை இந்தக் காலத்தில்தான் பார்க்க முடியும். மூன்றாம் நாள் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அவள் போன் பண்ணினாளா, என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வாழைத்தாருக்கு அடியில் அதை வைத்து, என் கண் முன்னால் அருவியை அழித்தான்.

“நீங்க எழுதுனதையும் எழுதுனபடியே போட்டுட்டேன் மாமா,” என்றான். நான்கு பக்கமும் இருந்தது. இன்றுவரைக்கும் யாரும் படிக்கவில்லை. முருகன் படித்திருப்பான்.

தையில் கல்யாணம் நடந்தது. பாய்தான் முதல் மொய். இப்போது மச்சினன் மாமனாரின் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிப் போகிறான். வெப்சைட்டில் பஸ் நேரம் மட்டும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் எனக்குப் பூண்டு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. பூண்டி ஃபால்ஸ் எந்தப் பக்கம் என்றார்கள். இவன் அழிப்பதற்கு முன்பே எவனெவனோ அதைத் திருடித் அவனவன் வெப்சைட்டில் போட்டுவிட்டான்.

மச்சினன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போனான்.

“அது பொய்ங்க. நான்தான் எழுதுனேன்.”

அவர்கள் அவனுடைய அழுக்குச் சட்டையைப் பார்த்தார்கள். தோளில் ஒட்டியிருந்த பூண்டுத் தோலைப் பார்த்தார்கள். பிறகு போனைப் பார்த்தார்கள். “இதுல போட்டோவே இருக்கேப்பா” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கண்ணாடி ஏறியது. வண்டி கொடைக்கானல் பக்கம் திரும்பிப் போனது.

ஒரு பழம்கூட வாங்கவில்லை.