எங்கள் வாசலில் பஜனை

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்மஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஜனை கிளம்பும். முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கு, அப்புறம் டோலக், ஜால்ரா, அதற்குப் பின்னால் பாடுகிறவர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவோம். ஆனால் அந்த வருஷம் சாவு விழுந்த வீடாக இருந்தால் பாட்டுக் கிடையாது. டோலக் அடிக்கிறவர் தோலின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொள்வார். உபதேசியார் தணிந்த குரலில் ஒரு ஜெபம் சொல்வார். எல்லோரும் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார்கள். அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்துதான் வரும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை இது. எழுதி வைத்திருந்தால் யாராவது மாற்றியிருப்பார்கள்.

நான் தாவணி போட ஆரம்பித்த வருஷம், எங்கள் வீட்டு வாசலில் பஜனை பாடுமா பாடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா இருக்கிறாரா செத்துவிட்டாரா என்பது தெரியாததுதான் காரணம்.

மன்னார்குடியிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் வந்து, சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். இரண்டு தெரு, ஓடு போட்ட சின்னக் கோயில், அதை ஒட்டி மிஷன் பள்ளிக்கூடம். கோயிலில் உபதேசியாராக இருந்தவரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மற்றவர்கள் எல்லோரும் பண்ணையில் கூலி வேலை. அந்த ஐப்பசியில் குறுவை அறுப்புக்கு அரைப்படி நெல் கூடுதலாக வேண்டுமென்று சங்கம் கேட்டது. பண்ணை முடியாது என்றது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வரப்பில் மறித்து நின்றார்கள், அடிதடி ஆயிற்று. சாயங்காலம் பண்ணைக் களத்தில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. யார் கொளுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்ம ஆட்சி என்று தெருமுனைச் சுவரில் கட்சிக்காரர்கள் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். போலீஸ் வேன் அந்தச் சுவரோரமாகத்தான் வந்து நின்றது. ஆண்கள் எல்லோரும் வயல், ஆறு என்று கிடைத்த பக்கம் ஓடினார்கள்.

அப்பாவும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் சேர்ந்து ஓடினார்கள். சித்தப்பா என்றால் சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவுக்கு இளையவர், அப்பா எங்கே போனாலும் கூடவே போகிறவர், அதனால் சித்தப்பா. பஜனையில் டோலக் அவர்தான். அப்பாவுக்குப் பாட வராது. வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சுருதி போய்விடும். அதனால் பெட்ரோமாக்ஸைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் வருஷா வருஷம் முன்வரிசையில் போவார்கள்.

ஓடினவர்கள் கொஞ்ச நாளில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சித்தப்பாவும் வந்தார். “இருட்டுல பிரிஞ்சுட்டோம் அண்ணி. அண்ணன் எந்தப் பக்கம் போனாருன்னு தெரியல” என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அப்பாவை மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் பெரிய தாடியோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். அப்பாவுக்குத் தாடி சரியாகவே வளராது.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், எப்படியும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளியது மாதிரி இருக்குமே, அப்படி. சாப்பிட்டேன், தூங்கினேன், பள்ளிக்கூடம் போனேன். பாவம் பிள்ளை என்று யாராவது தலையைத் தடவினால், தலையில் வைத்த எண்ணெய் அவர்கள் கையில் ஒட்டுமே என்றுதான் தோன்றியது.

அட்வெந்து வந்தது. கிறிஸ்மஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகளை அப்படித்தான் சொல்வோம், கிறிஸ்துவின் வருகைக்கு ஆயத்தமாகும் காலம். பீடத்தில் ஊதாத் துணி மாற்றினார்கள். பழைய சைக்கிள் ரிம்மில் சவுக்குத் தழையைச் சுற்றி, அதில் நான்கு மெழுகுவத்தி நட்டு, முதல் வாரத்துக்கு ஒன்றை ஏற்றினார்கள். மழை ஈரத்தில் அது ஏற்றுவதும் அணைவதுமாக இருந்தது. வருகிறவருக்காகக் காத்திருங்கள் என்று உபதேசியார் பிரசங்கம் பண்ணினார். பண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் அம்மாவைப் பார்த்துவிட்டார். அப்புறம் பிரசங்கம் முடிகிறவரை ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோடி வீட்டுப் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் தெருவிலேயே கைப்பக்குவம் உள்ளவர், மனசும் நல்ல மனசு.

“நீ இந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க வேணாம்டி. ஒனக்கும் புள்ளைக்கும் சேத்து நானே சுட்டுக் குடுத்துடுறேன்.”

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்கு நானே சுட்டுக்குவேன்க்கா” என்றாள்.

பெரியம்மாவுக்குத் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எங்கள் ஊரில் அந்த அன்பைச் செத்த வீட்டுக்குத்தான் காட்டுவார்கள்.

அன்றிலிருந்து அம்மா ஒரே பிடியாக இருந்தாள். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனபோது மற்றவர்களுக்கு முன்னால் போய் நின்றாள். நட்சத்திரம் ஒட்ட வண்ணக் காகிதம் வாங்கி வரச் சொல்லி என்னைச் சாலையிலிருந்த பாய் கடைக்கு அனுப்பினாள். “அப்பா வந்துட்டாங்களா பாப்பா?” என்று பாய் கேட்டார். “இன்னும் இல்ல” என்றேன். அவர் ஒரு தாள் கூடுதலாக வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். உயிரோடு இருக்கிறவருக்காகவா, செத்தவருக்காகவா என்று அதையும் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தெருவில் முதல் நட்சத்திரம் எங்கள் வீட்டில்தான் ஏறியது. போகிறவர்கள் வருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அம்மா உபதேசியாரை நேராகவே பிடித்தாள்.

“எங்க வாசல்ல பாடுவீங்களா மாட்டீங்களா? சொல்லிடுங்க.”

“ஐயர் வரட்டும்மா, கேட்டுக்கலாம்” என்றார். அவர் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குள் பாம்பு புகுந்தாலும் ஐயரைக் கேட்டுவிட்டுத்தான் தடியை எடுப்பார்.

ஐயர் என்று நாங்கள் சொல்வது குருவானவரை. டவுனில் இருந்துகொண்டு பல கிராமங்களைப் பார்த்துக்கொள்கிறவர். மூன்றாம் ஞாயிறு திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்க வந்தார். ஆராதனை முடிந்ததும், அங்கியைக்கூடக் கழற்ற விடாமல் அம்மா போய் நின்றாள். நானும் கூட நின்றேன். ஐயர் வாசல் பக்கம் பார்த்தார், மத்தியான பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான். ஆனாலும் அம்மா சொன்னதை முழுதாகக் கேட்டார். அதை நான் மறக்கக் கூடாது.

“அடக்கம் பண்ணாத ஆளுக்குத் துக்கம் கொண்டாட நாம யாரும்மா? ஒரு தகவலும் இல்லாம எப்படிச் செத்துட்டாருன்னு முடிவு பண்றது? பாடட்டும்” என்றார். உபதேசியாரைத் திரும்பிப் பார்த்து, “பாடுங்க” என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா வேகமாக நடந்தாள். வழக்கில் ஜெயித்தவள் நடை. எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. சேற்றில் வழுக்காமல் நடப்பதிலேயே கவனமாக இருந்தேன்.

சித்தப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்கு அவர்தான் விறகு பிளந்து போட்டார். ஈர விறகைத் தன் வீட்டு அடுப்போரம் அடுக்கிக் காயவைத்துக் கொண்டுவருவார். வாசலோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். காப்பி குடிச்சுட்டுப் போங்க என்று அம்மா கூப்பிட்டால், வேலை இருக்கு அண்ணி என்பார். பண்ணையில் எங்கள் ஆட்கள் யாருக்கும் அப்போது வேலையே கிடையாது. பஜனைப் பயிற்சிக்கு மட்டும் தவறாமல் வந்தார். மழைக் காலத்தில் தோல் நமுத்துவிடும் என்று வைக்கோலைக் கொளுத்தி டோலக்கை அனலில் காட்டிக்கொண்டே இருப்பார். நான் எதிரில் உட்கார்ந்து பாடுவேன். என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அப்பா இல்லாத பிள்ளையைப் பார்க்கச் சங்கடம் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாரம் அம்மா அரிசியை இடித்து, வெல்லப்பாகு காய்ச்சி, அதிரச மாவைக் கிளறினாள். பானையில் வைத்து வாயில் வெள்ளைத் துணி கட்டினாள். அந்த மாவு சில நாள் ஊறினால்தான் அதிரசம் மெத்தென்று வரும். பஜனை முடிந்த அன்று சாயங்காலம் எண்ணெய்ச் சட்டி வைப்பதாக ஏற்பாடு. “அப்பாவுக்குப் புடிக்கும், நெறைய ஏலக்காய் போட்டுருக்கேன்” என்றாள். அவள் அப்பாவைப் பற்றி என்னிடம் அந்த மாதத்தில் பேசிய ஒரே பேச்சு அது.

ஞாயிறு விடியற்காலை தூறல் விட்டிருந்தது. தெருவெல்லாம் சேறு. பெட்ரோமாக்ஸை வேறொருவர் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் குள்ளம், அதனால் வெளிச்சம் வழக்கத்தைவிடத் தணிவாக விழுந்தது. நான் டோலக்குக்குப் பின்னாலேயே நின்று பாடிக்கொண்டு போனேன். கோடி வீட்டில் பாடினோம், அதற்கடுத்த வீடுகளில் பாடினோம். சித்தப்பா வீட்டு வாசலிலும் பாடினோம். தன் வீட்டுக்குத் தானே அடித்துக்கொண்டார், நன்றாகத்தான் அடித்தார்.

அடுத்தது எங்கள் வீடு.

அம்மா வாசலில் நின்றாள். தலைவாரிக் கனகாம்பரம் வைத்திருந்தாள். கையில் தட்டு, தட்டில் பஜனைக்குப் போடுகிற அரிசி. மேலே நட்சத்திரம். உபதேசியார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பாட்டை எடுத்தார். நாங்களும் எடுத்தோம். இரண்டாம் அடியில் டோலக் சேர்ந்துகொள்ள வேண்டும். சேரவில்லை.

உபதேசியார் பாட்டுக்கு நடுவிலேயே திரும்பி, “என்னப்பா, தோல் நமுத்துப்போச்சா?” என்றார்.

சித்தப்பா உள்ளங்கையை விரித்துத் தோலின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் நேராக அந்தக் கையில் விழுந்தது. எடுக்க வேண்டும் என்று அவர் முயற்சி பண்ணினாரோ என்னவோ, விரல்கள் அசைந்தன, கை வரவில்லை. ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியாக நிறுத்தியது நான்தான். பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க, தம்பி?” என்றாள்.

“ஆத்துல, அண்ணி. கையப் புடிச்சுக்கிட்டுத்தான் எறங்குனோம். ரெண்டு கரையும் தண்ணி. நடு ஆத்துல இழுத்துருச்சு. நான் விடல அண்ணி. நான் விடல.”

அம்மா “சரி” என்றாள்.

உபதேசியார் தணிந்த குரலில் ஜெபம் சொன்னார். யாரையும் கேட்கவில்லை, ஐயரையும் கேட்கவில்லை. அம்மா தட்டிலிருந்த அரிசியைப் பஜனைப் பையில் கொட்டினாள், ஒரு மணிகூடக் கீழே சிந்தவில்லை. எல்லோரும் நகர்ந்தார்கள்.

நான் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை. பஜனையோடு போனேன். மீதி வீடுகளிலும் பாடினேன், அடுத்த தெருவிலும் பாடினேன். வார்த்தைகள் எல்லாம் சரியாகவே வந்தன. சித்தப்பாவும் அடித்துக்கொண்டுதான் வந்தார். இத்தனை நாள் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு விறகு பிளந்தாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பிற்பாடு வந்தது, வருஷக்கணக்கில் இருந்தது. நீந்தத் தெரியாத ஆளைப் பிடித்துக்கொண்டு எப்படி இறங்கினாய் என்று கனவில்கூடக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு தாளம் தப்பாமல் பாடினேன்.

வெளிச்சம் வந்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினேன். நட்சத்திரம் இறங்கியிருந்தது. உடைக்கவில்லை, கிழிக்கவில்லை. காகிதம் கசங்காமல் சுவரில் சாத்தி வைத்திருந்தாள். கனகாம்பரம் அடுப்பங்கரை ஜன்னலில் கிடந்தது. அம்மாவைக் காணோம், மாவுப் பானையையும் காணோம்.

வாசலுக்கு ஓடி வந்து பார்த்தேன். இடுப்பில் பானையை வைத்துக்கொண்டு, சேற்றில் நிதானமாகக் கால் வைத்து, அம்மா தெருக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனேன். கூப்பிடவில்லை.

பெரியம்மா அப்போதுதான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

“அக்கா, மாவு கெளறிட்டேன்” என்றாள் அம்மா. “நீங்களே சுட்டுக் குடுத்துருங்க.”

பெரியம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பானையை வாங்கிக்கொண்டார். எனக்கு அப்பா செத்தது அப்போதுதான்.