நிறம் போன குப்பிகள்

தேர்வு அறைக் கண்காணிப்பில் இருந்தபோது ஸ்டெல்லா இறந்த செய்தி வந்தது. விடைத்தாள்களை வாங்கி முடிக்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வந்தது துக்கம் அல்ல. இனி அவள் எழுதித் தர மாட்டாள் என்ற எண்ணம்தான் வந்தது.

எங்கள் கல்லூரியின் வேதியியல் துறையில் இருவரும் ஒரே ஆண்டு ஆசிரியைகளாகச் சேர்ந்தோம். அவள் குலசேகரன்பட்டினம் பக்கம், நான் சேரன்மகாதேவி. கந்தகச் சேர்மம் ஒன்றில் நைட்ரிக் ஆக்சைடைப் பூட்டிவைப்பது எங்கள் கூட்டு ஆய்வு. இரத்தக் குழாயைத் தளரச் சொல்லி உடல் தனக்குள்ளேயே அனுப்பும் வாயு அது. பூட்டியிருக்கும்வரை கரைசல் சிவப்பாக இருக்கும்; வாயு வெளியேறினால் வெளுத்துவிடும். ஐஸில் குப்பியை வைத்து அவள் சொட்டுச் சொட்டாகக் கலப்பதைப் பார்க்க மாணவிகள் கூடுவார்கள். “பைய விடுட்டி, அதுக்கு மூச்சு முட்டும்” என்பாள் என்னிடம்.

என் குப்பிகள் மறுநாள் காலையிலேயே வெளுத்துக் கிடந்தன. அவளுடையவை வாரக்கணக்கில் சிவந்திருந்தன. நான் வெயில் படும்படி வைக்கிறேன் என்று துறையில் பேச்சு வந்தது. கறுப்புத் தாள் சுற்றிப் பார்த்தேன்; பயனில்லை. துறைத்தலைவர் அறையில் எல்லோர் முன்னும், “அவளுக்குக் கவனம் கொஞ்சம் கம்மி சார்” என்றாள் ஸ்டெல்லா. ஆய்விலிருந்து என்னை விலக்கினார்கள். முனைவர் பட்டம் அவளுக்குக் கிடைத்தது. விலக்கிய அன்று மாலை எனக்குத் தேநீர் வாங்கித் தந்தாள். நானும் குடித்தேன்.

சென்ற மாதம், படுக்கையில் கிடந்தவளைப் பார்க்கப் போனேன்.

“ஏட்டி, நம்ம லேப்ல தண்ணி காய்ச்சி வடிக்கிற பானை செம்புலா. உள்ள ஈயம் தேஞ்சு போயிருந்துச்சு. செம்பு தண்ணியில எறங்கி வாயுவ வெரட்டிட்டு. எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்.”

“உன் குப்பி மட்டும்?”

“செம்பப் பிடிச்சு வைக்க ஈ.டி.டி.ஏ. ஒரு சிட்டிகை போட்டேன்.”

ஈயம் போன பாத்திரத்தில் புளி கரைக்கக் கூடாது என்பது எங்கள் இருவர் வீட்டிலும் தெரிந்த சங்கதி. அந்தப் பானைக்குள் எட்டிப் பார்க்க எனக்குத்தான் தோன்றவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ என்னைவிட கெட்டிக்காரிலா. ஒரு தடவயாவது முந்தணும்னு இருந்துச்சு.”

இதைத் துறைக்கு எழுதித் தரச் சொன்னேன். கை நடுங்குகிறது, அடுத்த வாரம் வா என்றாள். போனேன். அவள் தூங்குவதாகச் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். உள்ளே அவள் இருமுவதும், “போயிட்டாளா?” என்று கேட்பதும் எனக்குக் கேட்டன.

இந்த அஞ்சலி மலரை அவளை நேசித்தவர்கள்தான் வாசிப்பீர்கள். அவளைப் போலச் சொட்டு விடும் கையை நான் இன்னொரு முறை பார்க்கப்போவதில்லை. நான் கவனக்குறைவானவளும் அல்ல. இரண்டையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். மாணவி ஒருத்தியின் குப்பி வெளுத்தால், அவளைக் கேட்பதற்கு முன் தண்ணீரைச் சோதிக்கிறேன். காரணம் தெரிந்ததும், அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுகிறேன்.